அதே எண்ணில் இன்னொருவர்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. "மதிப்பிற்குரிய நிக்கோலாசா அம்மையாருக்கு" என்று எழுதியதோடு சரி, ஒரு வாரமாக அடுத்த வரி வரவில்லை. எதற்கு நன்றி என்று சொன்னால், நான் என்ன செய்தேன் என்பதும் வெளியே வந்துவிடும். கதை என்றால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: "பூனாத்தாவின் மலைகள்மீது காலை வெயில் பொன்னாக..." (வேண்டாம். பூனாத்தா எங்கள் ஊர்தான், ஆனால் அன்று எங்களில் யாரும் வெயிலைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது: "சர்வர் என்பது ஓர் அலுவலகத்தின்..." (இது பாடப் புத்தகம்.)

மூன்றாவது ஒரு தொலைபேசி மணியில் தொடங்கியது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், காலை பத்து மணி. டாக்டர் உபால்தினாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்மேசை என்னுடையது. என் பெயர் லிபோரியோ. ஊர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. செனோபியா என்ற பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் அது அரிது. நகரத்திலிருந்து வரவழைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும்.

எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. இருபது வருடங்களாகத் தன்னிடம் வந்தவர்களில் அந்த ரத்தம் உள்ள பதினொரு பேரை டாக்டர் குறித்து வைத்திருந்தார். பட்டியல் இருந்தது அலமாரியிலிருந்த சர்வர் என்ற பொதுக் கணினியில். அதைத் திறந்து படிப்பது எங்கள் மூன்று கணினிகளில்.

நான் திறந்தேன். இரண்டு பெயர்கள் வந்தன. திரை உறைந்தது. பிறகு: "சர்வருடன் தொடர்பு இல்லை."

"என்னய்யா ஆச்சு?" டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார்.

"ரெண்டு பேரு வந்துச்சு டாக்டரம்மா, அப்புறம் நின்னுடுச்சு."

"யாரு ரெண்டு பேரு?"

"ஒருத்தர் பார்சிலோனாவுல இருக்காரு. இன்னொருத்தர் போன வருஷம் இறந்துட்டாரு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "நிக்கோலாசாவக் கூப்பிடு. சந்தையிலதான் இருப்பா."

3

இங்கே ஒரு தயக்கம். நிக்கோலாசாவை நீங்கள் நம்புவீர்களா?

சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. இரட்டைப் பின்னல், அடுக்குப் பாவாடை, தொப்பி. முதல் வரைவைப் படித்த நண்பன், "பாவாடைய எடுத்துட்டு ஜீன்ஸ் போட்டு விடு, அப்பத்தான் நம்புவாங்க" என்றான். போட்டுப் பார்த்தேன். அந்த ஜீன்ஸ்காரிக்கு என் மேசைக்கடியில் எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. நிஜ நிக்கோலாசா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் சப்பணமிட்டார், அவ்வளவுதான்.*

* வாயில் பாதி சால்தென்யா இருந்தது, உள்ளே குழம்பு ததும்பும் எங்கள் ஊர்ப் பலகாரம். இறைச்சிக் குழம்பு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இது கதைக்குத் தேவையில்லை, ஆனால் நடந்தது.

4

அவர் முதலில் சர்வரைத் தொடவில்லை. என் கணினியிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டு எண் போல ஓர் எண் உண்டு, சர்வருக்கும் உண்டு. அந்த எண்ணைத் தட்டினால் "இருக்கிறேன்" என்று திரையில் ஒரு வரி வரும். வரி வரியாக வந்துகொண்டிருந்தது.

"இருக்குதுல்ல? அப்புறம் ஏன் பட்டியல் வரல?" என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டரம்மா." நிக்கோலாசா அலமாரியைத் திறந்து சர்வரின் கேபிளைப் பிடுங்கினார். "டோன் லிபோரியோ, இப்ப என்ன வருது?" (டோன் என்பது எங்கள் ஊரில் ஆண்களுக்கான மரியாதைச் சொல்; பெண்களுக்கு டோன்யா.)

திரையைப் பார்த்தேன். "இருக்கிறேன்." "இருக்கிறேன்."

"இன்னும் பதில் வருதுங்க."

"நல்லாப் பாருங்க. கேபிள் என் கையில இருக்கு."

"வருதுங்க டோன்யா!"

அவர் சிரித்தார். அந்தச் சூழ்நிலையில் சிரித்த ஒரே ஆள். "அப்ப சர்வர் பேர்ல வேற எவனோ பதில் சொல்றான். அதான் நீங்க கேக்கறது பாதி நேரம் சர்வருக்குப் போகுது, பாதி நேரம் அவனுக்குப் போகுது."

எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி அதே அலமாரியில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என்னைக் கேட்டு, திரும்பச் செருகினார். நான்காவதில் பதில் நின்றது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாக வந்தார். ஆய்வறையைத் தாண்டியது. காத்திருப்போர் பெஞ்சைத் தாண்டியது. என் மேசைக்கடியில் நுழைந்தது.

எனக்கு அப்போதுதான்

(இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதினேன். முடியவில்லை.)

5

என் மேசைக்கடியில் ஒரு பழைய வைஃபை பெட்டி இருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு நான்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் சும்மா கிடந்த கேபிளில் மாட்டினேன். அதற்கும் சர்வருக்கும் ஒரே எண் என்று எனக்குத் தெரியாது.

முந்தைய வரைவில், சீக்காளியான என் அக்காவோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக மாட்டினேன் என்று எழுதியிருந்தேன். எனக்கு அக்கா கிடையாது. தவறவிட்ட கால்பந்தாட்டத்தை வேலை நேரத்தில் கைபேசியில் பார்க்கத்தான் மாட்டினேன்.

மேசைக்கடியிலிருந்து நிக்கோலாசா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். பெட்டியைக் கழற்றித் தன் தோள்துணியில் முடிந்துகொண்டார். எழுந்து போய் அலமாரியில் சர்வரின் கேபிளைத் திரும்பச் செருகினார்.

"என்னம்மா அது?" உள்ளேயிருந்து டாக்டர்.

"பழைய பெட்டி ஒண்ணு, சர்வரோட நம்பர எடுத்துக்கிட்டு இருந்துச்சு. கழட்டியாச்சு. டோன் லிபோரியோ, என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? பட்டியலத் தொறங்க!"

பதினொரு பெயர்களும் வந்தன.

6

ஏழாவது பெயர் அனஸ்தாசியோ, பக்கத்து ஊர் அரானியில் ரொட்டிக்காரர். செவ்வாய்க்கிழமைகளில் ரொட்டி விற்பது எங்கள் சந்தையில்தான். மாவு படிந்த கையோடு வந்தார். பதினோராவது பெயர் ஓர் ஆசிரியை; வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். நகரத்து ரத்தம் வந்து சேரும்வரை அந்த இரண்டு பேர் தாங்கினார்கள். செனோபியா பிழைத்தார். குழந்தை பெண். இதில் மாற்று முடிவு எதுவும் கிடையாது. யாரும் கேட்க வேண்டாம்.

வியாழக்கிழமை நிக்கோலாசாவின் கடைக்குப் போனேன். என் பெட்டியைப் பிரித்து திருகாணிகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டோன்யா, உங்களுக்கு நன்றி சொல்ல..."

"எனக்கு எதுக்கு? நன்றிய ரொட்டிக்காரருக்கும் டீச்சருக்கும் சொல்லுங்க. மன்னிப்ப டாக்டரம்மாகிட்டக் கேளுங்க. எனக்கு ஒரு கிளாஸ் சிச்சா வாங்கிக் குடுங்க, போதும்."

"ஏன் என்னக் காட்டிக் குடுக்கல?"

"அப்ப ரத்தம் தேடற நேரமா, ஆளத் தேடற நேரமா?" ஒரு திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதோட, அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொல்லிட்டா உங்களுக்குன்னு என்ன இருக்கு?"

சிச்சா, அதாவது எங்கள் சோளக் கள், வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிளாஸ்.

7

ரொட்டிக்காரருக்கும் ஆசிரியைக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. மிச்சம் ஒன்று.

முடிவு அ: டாக்டர் கத்துகிறார், நான் வேலையை இழக்கிறேன். முடிவு ஆ: "எனக்கு அன்னிக்கே தெரியும்யா" என்கிறார். (ஆ எனக்குச் சாதகமாக இருப்பதால் அதை நம்பவில்லை.) முடிவு இ: நான் சொல்லவே இல்லை, பெயர்களை மாற்றிக் கதையை எங்காவது அனுப்பிவிடுகிறேன்.

இ-க்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் பெயர்களை மாற்ற உட்காரும்போதெல்லாம் நிக்கோலாசாவின் பெயரில் கை நின்றுவிடுகிறது. அவருக்கு வேறொரு பெயர் வைத்தால், அவர் செய்ததற்கு வேறு யாரோ பதில் சொல்வது போல் ஆகிவிடும்.

அதனால் எதையும் மாற்றவில்லை. அச்செடுத்துவிட்டேன், ஐந்து பக்கம். டாக்டர் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்கிறது. அவருடைய அறைக் கதவருகே நின்று கடைசிப் பக்கத்தின் அடியில் இதைப் பேனாவால் எழுதுகிறேன்.

கதவைத் தட்டிவிட்டேன்.

"உள்ள வாய்யா. கையில என்ன?"