பிணவறை வாசலில் சொன்னது

...ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அப்படியே சொல்ல வேண்டுமாம், அப்படியே என்றால், அவன் குரல் உடைந்ததையும் சேர்த்தா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தாவில் தூணை ஒட்டி நின்றாள் மாரீஸ்வரி, இன்னும் பெயரைக் கூப்பிடவில்லை. "போலீஸ்கிட்ட அவன் சொன்னது இங்க செல்லாதும்மா, ஒங்ககிட்ட சொன்னதுதான் செல்லும், நேர்ல பார்த்த சாட்சி யாருமில்ல," என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போன ஆடியில், விடியற்காலை ஷிப்டுக்கு சேத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு பைக்கில் போன அவள் புருஷன் பாண்டிதுரையை அந்த லோடு வேன் அடித்துப் போட்டது, அடித்தவனே வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான், அவர் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டதும் அவன்தான். சொந்தபந்தம், போலீஸ் யாரும் வந்து சேரவில்லை, பிணவறை வாசலில் அவள் தனியாக நின்றாள், நெற்றியில் ரத்தம் வழிய அவன் அவள் காலில் விழுந்து, "கண்ணசந்துட்டேன்க்கா, எந்தப்புதான், அவரு ஓரமாத்தான் வந்தாரு..." ஜெர்வின் என்ற பெயரே பொறவுதான் தெரிந்தது.

இப்போது அவன் தரப்பில் வேறு கதை, பைக்தான் ராங் சைடில் ஏறி வந்ததாம். பாண்டிதுரையா? சைக்கிள்காரன்கூட நம்மை முந்துகிறான் என்று பின்னால் உட்கார்ந்து அவளே எத்தனை தரம் சலித்துக்கொண்டிருக்கிறாள்... ஊரிலும் ராங் சைடு என்றுதான் பேசுகிறார்கள், செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறார்? அவள் சொல்லாவிட்டால் அவர் மேல்தான் தப்பு, சொன்னால் அவன் ஜெயிலுக்கு. போட்டுவிட்டு ஓடியிருந்தால் தப்பித்திருப்பான், நின்று அழுததால் அல்லவா மாட்டிக்கொண்டான்... அதோ, படிக்கட்டுப் பக்கம் நிற்கிறான், இளைத்துவிட்டான், கால்கள் தாமாகவே அவனிடம் போயின, "தம்பி, அன்னைக்கு நீ சொன்னது நெசந்தானே?" அவன் வாயைத் திறந்தான், அதற்குள், "ஏலே, இங்க வா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல," என்று அவன் வக்கீல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார், அவளிடம் தணிவாக, "எரக்கப்பட்டுச் சொன்னதும்மா, அதைத் தப்ப ஒத்துக்கிட்டதா எடுத்துக்கக் கூடாது." இரக்கத்தில் யாராவது கண்ணசந்தேன் என்பார்களா?

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கண்ணசந்தது, தப்பு, ஓரமாக வந்தது, டைப் அடிக்கிற பெண் நிமிராமல் அடித்துக்கொண்டே போனாள், மாரீஸ்வரிக்குத் தன் குரலே யாருடையதோ போல் இருந்தது, ஜெர்வின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி இறங்கிவிடலாம், ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தபோது அவன் வக்கீல் எழுந்து, "இவர் அப்படிச் சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, போலீஸ், வக்கீல், பெற்ற தாய்கூட... முந்தானையை அவன் நெற்றியில் வைத்து அழுத்தியது ஞாபகம் வந்தது, ரத்தம் நிற்கவேயில்லை, அவன் தேம்பத் தேம்ப, "அழாத தம்பி, நீ வேணும்னேவா செஞ்ச?" என்றாளே, உள்ளே அவர் கிடக்கும்போதே என்றாளே. கேள்வி காதில் விழவில்லையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஜெர்வின் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னோம் என்பது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது.