மேலே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னது

பத்தொன்பது வருடம் கழித்து எல்லப்பனுக்கு முதல் தடவையாகத் தோள் வலித்தது. திருத்தணி–கிரெம்ஹாஃப் நட்புச் சங்கத்தை மூடிவிடலாம் என்று ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்த அன்று, 1983 ஜூலையில், அரிசி மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவனுக்கு வலது தோளில் சுருக்கென்றது. கூட இருந்த ஆட்கள் மூட்டையைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். எல்லப்பனுக்கு வலிக்காது என்பது ஊரறிந்த விஷயம். அவன் தூக்குகிற மூட்டையின் வலியெல்லாம் கிரெம்ஹாஃபில் கடிகாரம் பழுது பார்க்கிற ஓட்டோவுக்குப் போய்விடும்.

திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்த இரண்டாம் வருடம் தொடங்கிய சங்கம் அது. கிரெம்ஹாஃபிலும் மலைமேல் கோயில் உண்டாம், அதுதான் பொருத்தம். 1964 ஆடிக் கிருத்திகைக்கு அங்கிருந்து ஏழு பேர் வந்தார்கள். காவடியோடு படியேறிக்கொண்டிருந்த எல்லப்பனிடம், கொஞ்சம் சுமந்து பார்க்கட்டுமா என்று ஓட்டோ கையை நீட்டிச் சைகையில் கேட்டார். நேர்ந்த காவடியை வழியில் தோள் மாற்றலாம். ஆனால் நேர்ந்தவன் சன்னதிக்கு முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பாரம் சுமந்தவனோடு போய்விடும் என்று எல்லப்பன் வீட்டில் சொல்வார்கள்.

"சொமந்துகினு வா பாவா, மேல வந்து வாங்கிக்கறேன்" என்றான்.

மச்சானைக் கூப்பிடுகிற சொல்லால் வெள்ளைக்காரரைக் கூப்பிட்டதும் கூட வந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தங்கச்சியைக் கப்பலில் அனுப்பப் போறியா என்று கேட்டார்கள். மேலே போனதும் எல்லப்பன் கோலி சோடா குடிக்க ஒதுங்கினான். திரும்பி வருவதற்குள் ஓட்டோவே காவடியைச் செலுத்திவிட்டார்.

மறுநாளிலிருந்து எல்லப்பனுக்கு வலி இல்லை. ஓட்டோ வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டு, கீழே 'பாவா' என்று கையெழுத்துப் போட்டார். லாரி மெக்கானிக்கும் சங்கச் செயலாளருமான ஜமீல் அகமதுதான் படித்துச் சொல்வார். ஓட்டோ தனக்குத் தோள் வலிப்பதாகவும், டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், பொங்கல் வாரத்தில் மட்டும் நன்றாக இருப்பதாகவும் எழுதுவார். 1971 கடிதத்தில், வாரத்துக்கு இன்னொரு நாள் லீவு எடுக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். எல்லப்பன் எடுக்கவில்லை. வலிதான் இல்லையே என்று அடுத்த வருடத்திலிருந்து இரண்டிரண்டு மூட்டையாகத் தூக்கினான்.

இப்போது வந்த கடிதத்தில், அங்கே உறுப்பினர்கள் நான்கு பேர்தான் மிச்சம், ஓட்டோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கையைத் தூக்க முடியவில்லை, சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இருந்தது. கடைசியில் ஓட்டோ சொல்லி யாரோ எழுதிய ஒரு வரி: பாவா, நான் மேலே வந்துவிட்டேன், வந்து வாங்கிக்கொள்.

"சங்கம் இருக்கறவரைக்குந்தான் அவரு உனக்குப் பாவா" என்றார் ஜமீல் அகமது. "அப்புறம் அவங்கவங்க சொமை அவங்கவங்களுக்கு."

வலி கடைசி வருடத்தில் தொடங்கிப் பின்னோக்கி வந்தது. கடிதம் வந்த அன்று போன வருடத்து வலி. மறுநாள் பெயர்ப்பலகையைக் கழற்றியபோது அதற்கு முந்தின மூன்று வருடம். ஒவ்வொரு மூட்டையையும் எல்லப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. இது ஆர்.கே.பேட்டை வேர்க்கடலை, இது லாரியிலேயே நனைந்த நெல். அன்று மாலை மண்டித் தராசில் ஏறி நின்றான். ஐம்பத்து நாலு கிலோ ஆள் நூற்றுப் பத்துக் காட்டினான். ஜமீல் அகமது கையெழுத்துப் போட்ட அன்று கட்டில் கயிறு அறுந்தது. சங்கத்து உறுப்பினராக அவன் வைக்க வேண்டிய கைநாட்டு ஒன்றுதான் மிச்சம்.

அவன் போகவில்லை. ஜமீல் அகமதின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டிரண்டாகத் தூக்கிய வருடங்களில் பாதிக்குமேல் இன்னும் வரவில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும். வந்தால் முதுகெலும்பு நிற்காது. ஆறு நாள் இப்படியே போனது.

ஏழாம் நாள் காலை அவன் மனைவி மனோரமா கொல்லைக்கு வந்து நின்றாள்.

"சோடா குடிக்கப் போனியே, இன்னும் குடிச்சிகினேகீறியா?"

எல்லப்பன் எழுந்து ஜமீல் அகமதின் பட்டறைக்குப் போய்க் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தான். அப்போது மணி பத்தரை. மிச்சப் பாரம் வருடம் வருடமாக அவன்மேல் இறங்கியது. மண்தரையில் பாதம் புதைந்தது, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். பதினோரு மணிக்கு, 1972 தைமாத மூட்டையோடு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தான். வரவில்லை. லாரி ஜாக்கியை வைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

மறுமாதம் ஓட்டோவின் மகள் எழுதியிருந்தாள். எல்லப்பன் கைநாட்டு வைத்த அன்றைக்குக் காலை, அவர்கள் ஊர் நேரம் ஏழரைக்கு, அப்பா இறந்துபோனார். இங்கே அப்போது பதினோரு மணி. அதற்கு முந்தின ஒரு வாரம் வலியில் தூங்கவே இல்லை. கடைசி அரைமணி நேரம் மட்டும் முகம் தெளிந்திருந்தது. உடம்பு இளைத்துக் குச்சியாகத்தான் இருந்தது, ஆனாலும் பெட்டியைத் தூக்கப் பன்னிரண்டு ஆள் வேண்டியிருந்தது, எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

எல்லப்பன் இன்றைக்கும் மெல்ல நடமாடுகிறான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவனைப் பின்சக்கரத்துக்கு மேலே உட்காரச் சொல்வார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சங்கம் மூடிய காகிதம் ஜமீல் அகமதின் பட்டறையில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று எல்லப்பனுக்கு மனப்பாடம்: 1964 ஆடி முதல் 1972 தை வரைக்கும் ஏழரை வருடத் தோள்வலி, ஓட்டோவிடம் திரும்ப வாங்கிக்கொள்ளாதது.