ஸ்டூரேயின் எஞ்சினில் நின்ற தண்ணீர்

மேலாரன் ஏரிப் படகுச் சங்கத்தின் தலைவர் ஸ்டூரே, குளிர்காலத்துக்கு முன் எஞ்சினைக் காப்பது எவ்வாறு என்பது குறித்துப் பதினான்கு பக்க வழிகாட்டி எழுதியவர். அவ்வேலையைத் தம் கையால் ஒருமுறையும் செய்ததில்லை. ஆண்டுதோறும் செய்து கொடுத்த மெக்கானிக் இவ்வாண்டு நார்வேயில் குடியேறிவிட்டான்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, படகுகள் யாவும் கரையேறிக் கட்டைகளின்மேல் அமர்ந்திருந்தன. ஸ்டூரே தம் எஞ்சினின் அடியிலிருந்த வடிகால் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டும் விழவில்லை. எஞ்சின் குளிர்வதற்காக உறிஞ்சிய ஏரித் தண்ணீர் முன்னமே வடிந்துவிட்டது எனத் தெளிந்து, திருகை மீண்டும் பொருத்தப் போனார்.

அடுத்த படகில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் இங்கெலா. முப்பது ஆண்டு டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

"ஓட்டைல கம்பி விட்டுக் குத்திப் பாத்தியா, ஸ்டூரே?"

"எதுக்கு? காலியாத்தான் இருக்கு."

"துரு அடைச்சிருந்தாலும் ஒரு சொட்டும் விழாது. இன்னிக்கு ராத்திரி மைனஸ் எட்டு டிகிரியாம். உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சா இரும்பையே பொளந்துடும்."

"எல்லாம் ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"படிச்சேனே. கம்பியைப் பத்தி ஒரு வரி இல்ல."

எஞ்சின் பிளந்தால் வேறு வாங்க ஸ்டூரேயிடம் பணமில்லை. படகையே தலைமுழுக வேண்டியதுதான். ஆனால் இவள் சொல்லிக் குத்தினார் என்ற பேச்சு, மாலைக்குள் சங்கம் முழுவதும் பரவிவிடும். குத்தினால் மானம் போகும். குத்தாவிட்டால் எஞ்சின் போகும்.

ஸ்டூரே ஒலிபெருக்கியை எடுத்து உறுப்பினர்கள் அனைவரையும் அழைத்தார். இருபது பேர், லவங்கப்பட்டை ரொட்டியும் கையுமாக வந்து சூழ்ந்தனர்.

"நம்மள்ல சில பேர் வடிகால் ஓட்டையக் குத்திப் பாக்கறதில்ல," என்று ஸ்டூரே தொடங்கினார். "அந்தத் தப்பைக் காட்டத்தான் என் எஞ்சினை வேணும்னே இப்படி விட்டு வச்சிருக்கேன்."

"பாடம் நடத்தறவருக்குக் கம்பி வேணாமா?" என்று இங்கெலா தன் கம்பியை நீட்டினாள்.

ஸ்டூரே குத்தினார். இரண்டாம் குத்தில் செந்நிறத் தண்ணீர் பீறிட்டு, அவருடைய கால்சட்டையையும் காலணியையும் நனைத்துக்கொண்டு ஒரு வாளி அளவு வடிந்தது.

"நல்ல விளக்கம். சும்மா பேசறதைவிடக் கண்ணால பாத்தாத்தான் பதியுது," என்றார் பொருளாளர் ஹில்டிங்.

"அப்போ ஒரு தீர்மானம் போடலாம்," என்றாள் இங்கெலா. "வருசா வருசம் தலைவர் இதே மாதிரி செஞ்சு காட்டணும். அவரோட எஞ்சின்லயேதான். வேற யாரு தண்ணியோட விட்டு வைப்பாங்க?"

இருபது கைகளும் உயர்ந்தன. தலைவர் என்ற முறையில் முடிவை அறிவிக்கும் கடமை ஸ்டூரேயினுடையது. காலுறைக்குள் தண்ணீர் சளசளக்க நிமிர்ந்து நின்று, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என அறிவித்தார். பின்னர், எவர் கண்ணிலும் படாதவாறு குனிந்து, ஓட்டையை இன்னொரு முறை குத்திப் பார்த்தார்.