பதினேழு நடை

வியாழக்கிழமை.

இந்த நோட்டில் ஒவ்வொரு நாளும் முதலில் ஓர் எண் எழுதுவேன். பிள்ளைகள் கேட்காமலேயே நான் எத்தனை தடவை கை கொடுத்தேன் என்ற எண். திங்கள் பதினான்கு. செவ்வாய் பதினொன்று. புதன் மறுபடியும் பதினான்கு.

மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். மாலையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. பிள்ளைகள் தாங்களே கையால் செய்து கற்கும் முறை அது. ஆசிரியர் பொருள்களை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, ஒதுங்கி உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஒழுங்காக வைக்க எனக்கு வரும். ஒதுங்கி உட்காரத்தான் வராது. பொத்தான் மாட்டத் திணறும் பிள்ளையைக் கண்டால் என் கை போய்விடும்.

"அப்சானா, ஒன் கையக் கட்டிப் போட்டாத்தான்டி நீ பாசாவ," என்பார் உடன் படிக்கும் முருகம்மாள் அக்கா. வாடிப்பட்டியில் அங்கன்வாடி வேலை பார்ப்பவர். "எம்புட்டு வேகம்! பிள்ளைக்கு முன்னால நீ அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிருவ போல."

இன்று செய்முறைத் தேர்வு. தேறாவிட்டால் இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும். ஜூனில் எனக்குத் தருவதாகச் சொன்ன வகுப்பும் வேறொருவருக்குப் போய்விடும். பயிற்சி ஆசிரியை பாண்டிமீனா மேடம் பத்து மணிக்கு வந்து, மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான்கு வயது பவதாரிணி தண்ணீர் ஊற்றிப் பழகும் தட்டை எடுத்து வந்தாள். சின்னக் கூஜாவிலிருந்து இரண்டு டம்ளர்களில் ஊற்ற வேண்டும். முதல் டம்ளர் நிறைந்தது. இரண்டாவது சாய்ந்தது. மேசையெல்லாம் தண்ணீர்.

அவள் எழுந்து துடைக்கும் துணியை எடுக்கப் போனாள். துணி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று துணிகளையும் துவைக்க நேற்று வீட்டுக்குக் கொண்டு போனது நான்தான். எங்கள் மொட்டை மாடிக் கொடியில் கிடக்கின்றன. பட்டியல் போட்டு வேலை செய்கிறவள் நான். பட்டியலில் கூஜா இருந்தது, டம்ளர் இருந்தது, துணி இல்லை.

ஓடிப்போய் எதையாவது கொடுக்கலாமா? கொடுத்தால் தேர்வு போச்சு. பயத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பவதாரிணி ஆணியைப் பார்த்தாள். குனிந்து, தன் சட்டையில் ஊக்கால் குத்தியிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள். இழுத்தாள். வரவில்லை. நேராக என்னிடம் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"மிஸ்ஸு, இந்தப் பின்ன எடுங்க."

எடுத்தேன். கைக்குட்டையோடு நானே எழப் போனேன்.

"நீங்க இருங்க மிஸ்ஸு. நாந்தான் தொடைப்பேன்," என்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

உள்ளங்கை அகலக் கைக்குட்டை. துடைத்தாள், வாளியில் பிழிந்தாள், திரும்பி வந்தாள். பதினேழு நடை, ஒன்பது நிமிடம். முடிந்ததும் அதை ஆணியில் மாட்டிவிட்டு, கூஜாவை மறுபடி நிரப்பப் போனாள்.

"துணி எங்கம்மா?" என்றார் மேடம், கிளம்பும்போது.

"மறந்துட்டேன் மேடம். வீட்டுல காயுது."

"அதுக்கு அஞ்சு மார்க் போச்சு. பிள்ளை கேட்டத மட்டும் செஞ்ச பாரு, அதுக்குப் பாஸ்."

"பயத்துலதான் உக்காந்திருந்தேன் மேடம்."

"பயந்தாவது உக்காந்தியே!" என்று சிரித்தார்.



மாலை வகுப்பில் முருகம்மாள் அக்கா முழுக்கதையையும் கேட்டார். "'நீங்க இருங்க'ன்னுச்சா? அந்தப் பிள்ளைய இங்க கூட்டியா. மேடத்துக்கு லீவு குடுத்துருவோம்."

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். மூன்றும் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்தாயிற்று. பவதாரிணியின் ஊக்கு இன்னும் என் துப்பட்டாவிலேயே இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

இன்றைய எண்? ஊக்கை எடுத்தது சேராது, அவள் கேட்டாள். எழப் போனது சேரும். அரை என்று எழுதியிருக்கிறேன்.