கூட்டினால் எட்டு

பதினொரு மணிக்குள் புது ஸ்டோரேஜ் பெட்டியை இணைத்துக் காட்டாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுவிடுவேன் என்று ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி உலகநாதன் சொல்லியிருந்தார். சர்வர் அறைச் சாவியைக்கூடக் காலையிலேயே வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அது சென்னைக்காரர்கள் கைக்குப் போனால் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் புவனேஸ்வரி பழையபடி வார்டு வார்டாகப் பிரிண்டர் பார்க்கப் போக வேண்டியதுதான். "வெளியாள் எதுக்கு சார், நாங்களே செய்வோம்" என்று மூன்று மாதமாக மார்தட்டியவள் அவள்.

அதற்காக அவள் பயந்துபோயிருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒதியம்பட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதே பாதி வேலை முடிந்த தெம்பு அவளுக்கு. வில்லியனூரைத் தாண்டி இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் மூன்று சர்வர்களில் ஓடின. பழைய டிஸ்க் கழுத்துவரை நிரம்பிவிட்டது. மூன்றையும் ஒரே திரையில் வைத்து மேய்க்கும் மென்பொருளில் புதுப் பெட்டியைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. பெட்டியோ கண்டவரை உள்ளே விடாது. நெட்வொர்க்கில் எந்த எண்ணுள்ள சர்வர் வரலாம் என்று அதற்குள் ஒரு பட்டியல் உண்டு. 16, 17, 18 என்று போன வாரமே எழுதிவைத்திருந்தாள்.

பத்தே காலுக்கு முதல் சர்வரில் பெட்டி ஏறியது. மூன்றாவதிலும் ஏறியது. நடுவில் இருந்தது மட்டும் அனுமதி இல்லை என்று சிவப்பாக நின்றது.

"கேபிள் லூசா?" என்றார் உலகநாதன், வாட்சைப் பார்த்தபடி.

"கேபிள்னா பதிலே வராது சார். இது பதில் சொல்லுது. உள்ள வராதேன்னு சொல்லுது."

மறுபடி முயன்றாள். அதே சிவப்பு. பட்டியலைத் திறந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. நடுச் சர்வரின் எண்ணைப் பார்த்தாள். 27.

"கலை, இத யாருப்பா மாத்தினது?"

நெட்வொர்க் பார்க்கும் கலைச்செல்வன் தலையைச் சொறிந்தான். "நீ லீவுல இருந்தப்ப சார்தான் சொன்னாரு."

உலகநாதன் தொண்டையைக் கனைத்தார். கூட்டினால் எட்டு வரும் நம்பரில் அவர் வண்டிகூட வாங்கமாட்டார் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

"பதினேழு கூட்டினா எட்டும்மா. மனசு கேக்கல. ஒம்போது வர்ற மாதிரி வெக்கச் சொன்னேன். அதுல இன்னா தப்பு?"

புவனேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும்.

"பேஷண்ட் பேரை மாத்திட்டு பழைய சீட்டுல மருந்து கேட்டா குடுப்பாங்களா சார்?"

பட்டியலில் 17ஐ அழித்து 27 என்று போட்டாள். நடுச் சர்வரும் பச்சைக்கு வந்தது. ஸ்கேன் அறையிலிருந்து ஒரு படம் அனுப்பச் சொன்னாள். யாரோ ஒரு பாகூர்க்காரரின் முழங்கால் புதுப் பெட்டியில் பத்திரமாய் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அந்த முழங்காலைக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

மணி பத்தே முக்கால். வெளியே போகப்போன உலகநாதன் கதவருகே நின்றார்.

"ஏம்மா, அந்தப் பெட்டியோட நம்பர் இன்னா?"

"முப்பத்தஞ்சு சார்."

அவர் உதடு அசைந்து கூட்டியது. முகம் மாறியது.

"அத மட்டும்..."

"மாத்தலாம் சார். மாத்தின நிமிஷம் மூணு சர்வரும் நிக்கும், ஸ்கேனும் நிக்கும். மாத்தட்டா?"

உலகநாதன் பையிலிருந்த சர்வர் அறைச் சாவியை எடுத்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.