அதெலினாவின் அடுக்களைக்கு வந்த ஆமைகள்

லிமோன் கடற்கரையில் ஒரு மார்ச் மாத நண்பகலில், கட்டில் அகலத்துக்கு இருந்த கடலாமை ஒன்று தெருவேறி வந்து, சாத்தியிருந்த கதவைத் திறக்காமலே அதெலினாவின் அடுக்களைக்குள் நுழைந்து, மண்தரையைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போனது. கதவில் ஒரு கீறல் இல்லை. அடுப்பில் தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருந்த பீன்ஸ் சோறு மட்டும் கொஞ்சம் உப்புக் கரித்தது. மறுநாள் இன்னும் சில வந்தன.

கடற்கரை மணலில் அந்த வருஷம் ஒன்றுகூட முட்டையிடவில்லை. ஆமை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை நம்பித்தான் ஊரே பிழைத்தது. அதனால் எல்லோர் கண்ணும் அதெலினாமேல் விழுந்தது. ஏதோ மருந்து வைத்து இழுக்கிறாள் என்றார்கள். கரையிலிருந்து முட்டையைத் திருடிவந்து புதைத்துவிட்டுக் கதை கட்டுகிறாள் என்றார்கள். அவளை ஊரைவிட்டே அனுப்பிவிட வேண்டும் என்று மதுக்கடையில் பேச்சு அடிபட்டது. அவள் கணவன் கிளேட்டன், படகோட்டி, வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் மருந்து வாசம் அடிக்கிறதா என்று அவளுடைய பாவாடையை எடுத்து மோந்து பார்த்தான். திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். ஊர்ப்பேச்சு சுடாத இடத்தில் இது சுட்டது.

பக்கத்து வீட்டு ஹார்டென்சியா நாற்காலியோடு வந்து சேர்ந்தாள். "நீ எந்தப் பக்கமா முட்டையத் தூக்கிட்டு வர்றேன்னு இன்னைக்குப் பாத்துடறேன்டி."

"தாராளமா பாருக்கா. சும்மா உக்காராம அந்த வாழைக்காயையும் சீவிக் குடு."

வாழைக்காய் பாதி சீவி முடிவதற்குள் பின்சுவர் வழியாக ஆமை வந்தது, சுவர் தண்ணீராக இருந்ததுபோல. ஹார்டென்சியா கண்டதைக் கண்டபடி சொன்னாள். ஒரு தட்டு வறுத்த வாழைக்காய்க்கு விலைபோய்விட்டாள் என்று ஊர் அவளையும் சந்தேகப்பட்டது.

அதன்பிறகு கிளேட்டனே வாசலை அடைத்துப் படுத்தான். "என்னத் தாண்டிப் போகட்டும், பாக்கலாம்."

ஆமை அவனைத் தாண்டவில்லை. அவன் நெஞ்சு வழியாகவே உள்ளே போனது. அவன் எழுந்து உட்கார்ந்து, இருமி இருமி ஒரு கை மணல் துப்பினான்.

"எனக்குள்ள பூந்து போச்சு, அதெலினா."

"அது கெடக்கட்டும். அன்னைக்கு என் பாவாடைய மோந்தியே, என்ன வாசம் வந்துச்சு?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "வெங்காய வாசம்."

மே மாதம் முடியும்வரை அவள் அவனோடு பேசவில்லை. ஜூனில் குஞ்சுகள் பொரித்து, கடலைப் பார்த்து நேர்க்கோட்டில் கிளம்பின. வழியில் இருந்த வீடுகளின் சுவர்களெல்லாம் அவற்றுக்கு வழிவிட்டன. சந்தேகப்பட்டவர்களே கழுகுகளை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். கிளேட்டன் விரட்டியதுதான் அதிகம். அன்று மாலை அவனுக்குக் காப்பி கிடைத்தது.

இப்போதெல்லாம் அதெலினா மார்ச் முதல் ஜூன்வரை முற்றத்தில்தான் சமைக்கிறாள். வெளியூர்க்காரர்கள் முறை வைத்து அவள் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். குஞ்சுகள் கிளம்பும் நாளில் ஹார்டென்சியா தன் வீட்டுச் சோற்றுப்பானையைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவனிடம், "காலத் தூக்கு," என்கிறாள். அவன் தட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே தூக்கிக்கொள்கிறான்.