ஒரு காலுக்குச் செய்த வண்டி

ஏலக்காய் விலை விழுந்ததும் போடியில் முதலில் படுத்தது தானியேலின் பட்டறை. சண்டை முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்களை வாங்கி, மலையேறுகிற மாதிரி திருத்தி, ஆளுக்கு அளவெடுத்துச் செய்துகொடுப்பது அவன் தொழில். வியாபாரிகளும் எஸ்டேட் மானேஜர்களும் காத்துக் கிடந்த காலம் உண்டு. இப்போது பட்டறையில் ஒரே வண்டி. செய்யச் சொன்னவர் அதையும் எடுக்கவில்லை.

சொன்னவர் ஏலக்காய் மண்டிக்காரர் சௌந்தரபாண்டியன். வலது கால் பிறவியிலேயே சூம்பியது. அவருக்காகக் கியரைக் கைக்கு மாற்றி, உதைத்துக் கிளப்பும் கட்டையை இடப்பக்கம் வைத்திருந்தான் தானியேல். ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனவர் வண்டியைப் பட்டறை வாசலில் போட்டுவிட்டு மண்டியில் சொன்னார்: "வண்டி மலையேறலை. தானியேலுக்குத் தொழில் மறந்துபோச்சு."

அந்தச் சொல் அவருக்கு முன்னால் மலைக்குப் போய்விட்டது. விசாரித்துக்கொண்டிருந்த எஸ்டேட்டுக்காரர்களும் வரவில்லை.

தானியேல் மண்டிக்குப் போனான். "நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றான்.

"உனக்கு ஏறும்டா. ரெண்டு காலும் இருக்கு. செய்யச் சொன்னவன் நானு. எனக்குல்ல ஏறணும்?"

மண்டி முழுக்கச் சிரித்தது.

"அப்ப நீங்களே ஏறுங்க மொதலாளி. எல்லாரும் பாக்கட்டும். கால் நோகும்னா வேண்டாம்."

சிரிப்பு நின்றது. சௌந்தரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மலையடியில் இருக்கும் முந்தல்வரை, வாடகைக்கு ஓட்டும் காசிமாயனின் ஜீப்பில் கூட்டம் வந்தது. வண்டி ஏறியது. சத்தம் முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவதில் நின்றது.

"முடிஞ்சுச்சு. அவரு உருட்டிக்கிட்டே எறங்கிருவாரு" என்று காசிமாயன் ஜீப்பைத் திருப்பினான். "தானியேலண்ணே, தள்ளிவிட ஆளு வேணும்னா சொல்லியனுப்புங்க."

தானியேல் நடந்து ஏறினான்.

சௌந்தரபாண்டியன் வளைவுக் கல்லில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தானியேல் டாங்கிக்கு அடியில் கைவிட்டான். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது.

"மூடிட்டீங்க."

"மூடுனேன். அன்னைக்கு மூடக்கூட இல்ல. அன்னைக்கு மலைப்பக்கமே போகல." அவர் புகையை ஊதினார். "கையில காசில்லடா. அது தெரிஞ்சா எந்தத் தோட்டக்காரன் என்னை நம்பிக் காய் போடுவான்? வண்டி சரியில்லன்னா எம்பேரு நிக்கும்."

"எம்பேரு?"

"ஒம்பேரு இனி எவனுக்கு வேணும்? எவன் வண்டி கேக்குறான்?"

தானியேல் ஸ்பானரை எடுத்துக் குனிந்தான். பின்பிரேக்குக் கம்பியைக் கழற்றி இடுப்பில் செருகினான். முன்பிரேக்கின் கேபிளையும் உருவிவிட்டான்.

"என்னடா பண்ற?"

"இனி உருட்டிக்கிட்டு எறங்க முடியாது. உங்களுக்கு நடக்கவும் முடியாது. மேலதான் போகணும்." பெட்ரோலைத் திறந்தான். மூட்டை வைக்கிற கேரியரில் ஏறி உட்கார்ந்தான். "கெளப்புங்க."

"நாசமாப் போவடா."

"சேந்தே போவோம். ஓட்டுங்க."

ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு ஆளையும் இழுத்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறியது. பார்க்காமலே அவர் கை கியருக்குப் போனது. கை போன இடத்தில் கியர் இருந்தது. வழியெல்லாம் வைதுகொண்டே ஓட்டினார்.

மலை மேல் போடிமெட்டு டீக்கடையில் எஸ்டேட் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"மொதலாளி வண்டி" என்றான் தானியேல், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரே ஓட்டியாந்தாரு. பின்னாடி நான் வேற."

சௌந்தரபாண்டியன் வண்டியைத் தானியேலிடமே விட்டுவிட்டுப் பஸ்சில் மலையிறங்கினார். அதே பஸ்சில் சேதியும் இறங்கியது.

மறுநாள் காய் கொண்டுவந்த தோட்டக்காரர் ஒருவர் மூட்டையை இறக்காமல் கேட்டார்: "வண்டிதான் ஏறிருச்சே, பெறகு ஏன் எடுக்கல?" சௌந்தரபாண்டியன் தராசைத் துடைத்தார். மூட்டை அடுத்த மண்டிக்குப் போனது. அதன் பின்னால் வந்த மூட்டைகளும் போயின.

தானியேலின் பேர் திரும்பி வந்தது. வண்டி செய்யச் சொல்லி ஆள் வரவில்லை.

"பேர ஒலையில போட்டு வடிக்கவா?" என்றாள் அவன் மனைவி ரெபேக்காள். அவள் அவனோடு அந்த வாரம் பேசியது அவ்வளவுதான்.

கடைசியில் ஒருவன் வந்தான். சிலமலை உக்கிரபாண்டி, வெள்ளாமை செய்யும் சம்சாரி. வண்டியைச் சுற்றி வந்தான். கைக் கியரை ஆட்டிப் பார்த்தான்.

"மலையே ஏறுச்சாமே. கெணத்துல தண்ணி எறைக்குமா?"

"இது ஓட்டுற வண்டி."

"இருக்கட்டும். எஞ்சின மட்டும் கழட்டு."

"ஒரு ஆளுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது."

"ஆள நீ வச்சுக்க. எஞ்சினக் குடு. வெரசாச் சொல்லு, பயிரு காயுது."

ரெபேக்காள் உள்ளேயிருந்து வந்து நிலையில் நின்றாள்.

தானியேல் ஸ்பானரை எடுத்து வண்டியைச் சாய்த்தான். "பிடிங்க" என்றான்.